பத்து நாள் பேசாமல் இருக்கப் போகிற மாணவருக்கு

செமஸ்டர் லீவு நெருங்கும்போது கல்லூரி மாணவர்கள் பலர், பத்து நாள் பேசாமல் தங்கித் தியானம் பழகும் விபஸ்ஸனா முகாமைப் பற்றி விசாரிக்க ஆரம்பிப்பார்கள். போகலாமா, தாக்குப்பிடிக்க முடியுமா, என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்? தாராளமாகப் போகலாம். ஆனால் பாதியில் மூட்டை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தியானம் வரவில்லை என்று கிளம்புவதில்லை. கடைசிப் பரீட்சை எழுதிய அன்றே தூக்கமில்லாமல் ரயிலேறியிருப்பார்கள். வீட்டில் அரைகுறையாகச் சொல்லியிருப்பார்கள். ஞாபக சக்தி கூடும், மார்க் ஏறும் என்று யாரோ சொன்னதை நம்பி வந்திருப்பார்கள். இதெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே சரிசெய்து கொள்ளக்கூடியவை. அதனால்தான் இந்தப் பதிவில் தியானத்தைப் பற்றி எழுதுகிற அளவுக்கு ஏற்பாட்டைப் பற்றியும் எழுதுகிறேன்.

முதலில், இது பௌத்த முகாமா என்ற கேள்வி. இந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் எஸ். என். கோயங்கா. 1924-இல் பர்மாவின் மாண்டலேயில், இந்திய வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பர்மிய அரசில் தலைமைக் கணக்காயராக இருந்த ஊ பா கின் என்பவரிடம் தியானம் கற்று, 1969-இல் இந்தியா வந்து முகாம் நடத்தத் தொடங்கினார். 1976-இல் நாசிக் மாவட்டம் இகத்புரியில் தம்மகிரி மையம் உருவானது. 2013-இல் அவர் காலமான பிறகும் முகாம்கள் அவருடைய ஒலிப்பதிவுகளை வைத்தே நடக்கின்றன. தமிழ்நாட்டில் சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது மையம் இருக்கிறது.

எல்லா மதத்தவரும் வரலாம், யாரும் மதம் மாற வேண்டியதில்லை என்று மையங்கள் சொல்கின்றன. அது உண்மை. அதே சமயம் முதல் நாள் இரவு புத்தம், தம்மம், சங்கம் என்று மூன்று சரணங்களைச் சொல்வீர்கள், பஞ்சசீலம் என்ற ஐந்து ஒழுக்க விதிகளை ஏற்பீர்கள், விடியற்காலையில் பாலி மொழியில் சுத்தங்களை, அதாவது புத்தரின் உரைகளை, ஓதும் குரலைக் கேட்பீர்கள். இவை தேரவாத பௌத்தத்திலிருந்து வந்தவை. வீட்டில் 'சும்மா யோகா கிளாஸ்' என்று சொல்லிவிட்டு வர வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வந்தால் அங்கே உட்கார்ந்திருக்கும்போது மனதில் ஒரு பாரம் குறையும்.

பதிவு செய்வது ஆன்லைனில்தான். மையத்தையும் தேதியையும் தேர்ந்தெடுத்து விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். கோடை விடுமுறைக்கான இடங்கள் சீக்கிரம் நிரம்பும். குறிப்பாகப் பெண்கள் பக்கம் காத்திருப்போர் பட்டியல் நீளமாகவே இருக்கும். விண்ணப்பம் ஏற்கப்பட்டதாக மெயில் வந்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். முகாம் தேதி நெருங்கும்போது, வருகிறீர்களா என்று மறுபடி கேட்பார்கள். அதற்குப் பதில் போடாமல் விட்டு இடத்தை இழப்பவர்கள் உண்டு. ஸ்பாம் பெட்டியையும் பார்த்துக்கொண்டே இருங்கள். வர முடியாது என்று தெரிந்தால் உடனே ரத்து செய்யுங்கள். உங்கள் இடத்துக்காக இன்னொருவர் காத்திருப்பார்.

தேதியைக் கணக்குப் போடும்போது பத்து நாள் என்று போடக்கூடாது, பன்னிரண்டு என்று போட வேண்டும். வந்து சேரும் நாள் கணக்கில் 'பூஜ்ஜியம்'. அன்று பிற்பகல் உள்ளே போனால், பதினோராம் நாள் காலை ஏழரை மணி வாக்கில்தான் வெளியே வருவீர்கள். போன் அலுவலகத்தில் பூட்டப்பட்டிருக்கும். ஆகவே அந்தப் பன்னிரண்டு நாளில் அரியர் கட்டணம் கட்டும் கடைசித் தேதி, கவுன்சலிங் சாய்ஸ் போடும் நாள், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், கம்பெனி இன்டர்வியூ ஏதாவது விழுகிறதா என்று காலண்டரை வைத்துப் பாருங்கள். ஓடிபி வந்தால் எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது. ரிசல்ட் வருகிற வாரத்தில் போகவே போகாதீர்கள். மூச்சைப் பார்ப்பதற்குப் பதில் ரிசல்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கட்டணம் கிடையாது. தங்குமிடம், சாப்பாடு எல்லாமே முன்பு முகாம் முடித்தவர்கள் கொடுத்த தானத்தில் நடப்பவை. ஒரு முகாமையாவது முழுதாக முடித்தவரிடம் மட்டும்தான் தானம் வாங்குவார்கள். ஊருக்குப் போய்வரச் செலவுக்குப் பணம் இருந்தால் போதும்.

விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம், சாப்பிடும் மருந்துகள், போதைப் பழக்கம், வேறு தியான முறைகள் பற்றியெல்லாம் கேட்பார்கள். இந்தப் பகுதியில் ஒளிவுமறைவு கூடாது. இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் மனநல மருந்து எடுப்பதை மறைக்கிறார்கள். அதைவிட மோசமாக, முகாமுக்காக மருந்தையே நிறுத்திவிட்டு வருகிறார்கள். இரண்டும் ஆபத்து. பேச்சில்லை, போனில்லை, புத்தகமில்லை, நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மனதோடு நேருக்கு நேர். நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவரையே இது ஆட்டிப்பார்க்கும். இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு, கடுமையான மனச்சோர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அல்லது முன்பு இருந்திருந்தால், முதலில் உங்கள் மனநல மருத்துவரிடம் கேளுங்கள். மையம் வேண்டாம் என்று சொன்னால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்துமா இன்ஹேலர், தைராய்டு மாத்திரை, சர்க்கரைக்கான இன்சுலின் இவற்றைப் பன்னிரண்டு நாளுக்குத் தேவையானதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொண்டு, மருந்துச் சீட்டோடு முதல் நாளே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய ஒரு வாரம் மிக முக்கியம். படுக்கும் நேரத்தை நாளுக்கு அரை மணி முன்னால் நகர்த்தி, காலை ஐந்து மணிக்காவது எழுந்து பழகுங்கள். நாளுக்கு நாலு காபி குடிப்பவர் அதைப் படிப்படியாக ஒன்றுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரேயடியாக நிறுத்தினால் அடுத்த நாளே தலைவலி பிடிக்கும். அதைத் தியானத்தால் வந்த தலைவலி என்று நினைத்துப் பயப்படுவார்கள். சிகரெட், பான் மசாலா எதற்கும் வளாகத்தில் இடமில்லை. ஹாஸ்டல் கட்டிலிலும் நாற்காலியிலும் வளர்ந்த உடம்புக்குத் தரையில் உட்காரும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். தினமும் இருபது நிமிடம் சம்மணமிட்டு உட்கார்ந்து, பிறகு கெண்டைக்காலையும் தொடையின் பின்பக்கத்தையும் நீட்டிப் பழகினால் முதல் மூன்று நாள் வேதனையில் பாதி குறைந்துவிடும்.

பையில் என்ன வைப்பது? தளர்வான பருத்தித் துணிகள், நாலைந்து செட், துவைத்துப் போட்டுக்கொள்ளலாம். லெகிங்ஸ், ஷார்ட்ஸ், கையில்லாத பனியன் அனுமதியில்லை. உரசினால் சரசரவென்று சத்தம் போடும் டிராக் பேன்ட் வேண்டாம். நூறு பேர் அசையாமல் இருக்கும் ஹாலில் அந்தச் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்பது அங்கே போனால் தெரியும். போர்வை, படுக்கை விரிப்பு, தலையணை உறை, வாசனையில்லாத சோப்பு, கொசு மருந்து, டார்ச், குடை, தண்ணீர் பாட்டில், நாப்கின், சுலபமாகக் கழற்றி மாட்டும் செருப்பு, ஆதார் நகல். போன் இருக்காது என்பதால் சின்ன அலாரம் கடிகாரம் ஒன்று. மேலே போர்த்திக்கொள்ள ஒரு சால்வை, ஊர் வெயில் ஊராக இருந்தாலும்கூட. அசையாமல் உட்கார்ந்தால் விடியற்காலையில் முதுகு குளிரும். நோட்டு, பேனா, புத்தகம், ஜெபமாலை, தாயத்து, தின்பண்டம் இவை உள்ளே போகாது. எழுதி வைத்துக்கொள்ள முடியவில்லையே என்று மாணவர்கள்தான் அதிகம் தவிப்பார்கள். அனுபவத்தை வரிகளாகக் கோத்துக்கொண்டிருக்கும் மனம் அதைக் கவனிக்காது என்பதற்காகத்தான் அந்த விதி.

வீட்டில் ஒரு துண்டுச் சீட்டில் மையத்தின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுங்கள். 'நான் போன் பண்ண மாட்டேன், அவசரமென்றால் மட்டும் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், செய்தி என்னிடம் வந்து சேரும்' என்று அம்மாவிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். பயணச்சீட்டைத் திரும்பி வருவதற்கும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். பதினோராம் நாள் காலை எட்டு மணி ரயிலைப் பிடிக்கிற மாதிரி எடுக்காதீர்கள், மதியத்துக்கு மேல் எடுங்கள்.

பூஜ்ஜிய நாளில் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து பதிவு நடக்கும். அறை எண், ஹாலில் உட்காரும் இடம் இரண்டும் கொடுப்பார்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதி. லேசான உணவுக்குப் பிறகு விதிகளை விளக்குவார்கள், இரவு எட்டு மணி வாக்கில் மௌனம் தொடங்கிவிடும். வாய் பேசாமல் இருந்தால் மட்டும் போதாது. சைகை, கண்ஜாடை, புன்னகை, சீட்டெழுதுவது எதுவுமே கூடாது. நண்பனோடு சேர்ந்து வருபவர்களுக்கு இதுதான் கஷ்டம். என் கருத்தில் முதல் முகாமுக்குத் தனியாக வருவது நல்லது. நண்பன் முகம் வாடியிருப்பதைப் பார்த்தாலே உங்கள் தியானம் போய்விடும். மௌனம் சக மாணவர்களோடுதான். தண்ணீர் வரவில்லை, காய்ச்சல் என்றால், முகாமில் தொண்டு செய்யும் தம்ம சேவகரிடம் தாராளமாகச் சொல்லலாம்.

காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். சேவகர் ஒருவர் கைமணியை ஆட்டிக்கொண்டே அறை வாசல்களைத் தாண்டிப் போவார். நாலரையிலிருந்து ஆறரை வரை தியானம். இதை அறையிலும் செய்யலாம் என்று அட்டவணையில் இருக்கும். அறையில் செய்கிறேன் என்று போனவர்கள் பெரும்பாலும் ஐந்து மணிக்குள் படுத்துவிடுவார்கள், ஹாலுக்கே போய்விடுங்கள். ஆறரைக்குக் காலைச் சிற்றுண்டி. எட்டிலிருந்து ஒன்பது, இரண்டரையிலிருந்து மூன்றரை, மாலை ஆறிலிருந்து ஏழு: இந்த மூன்று மணி நேரமும் எல்லோரும் ஹாலில் சேர்ந்து உட்கார வேண்டும். பதினொரு மணிக்கு மதிய உணவு. மாலை ஐந்து மணிக்குப் புதிய மாணவர்களுக்குத் தேநீர், கொஞ்சம் பொரி, பழம். ராத்திரி சாப்பாடு கிடையாது. ஏழு மணிக்கு உரை. தமிழில் கேட்க வேண்டுமென்று விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள். ஒன்பதரைக்கு விளக்கு அணையும்.

ராத்திரி பசிக்குமே என்று மதியம் இரண்டு மடங்கு சாப்பிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பகல் ஒரு மணிக்கு உட்காரும்போது கண் சொருகும், வயிறு உப்பும். முக்கால் வயிறு போதும். மூன்றாம் நாளுக்குள் பசி தானாகவே அட்டவணைக்கு வந்துவிடும்.

முதல் மூன்றரை நாள் ஆனாபானம், அதாவது மூச்சை அப்படியே பார்ப்பது. இழுத்துப் பிடிக்கிற பிராணாயாமம் அல்ல இது. உள்ளே போகும் மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரும் மூச்சு வெளியே வருகிறது. இடது நாசியா வலதா, ஆழமா மேலோட்டமா என்று தெரிந்தால் போதும். கவனிக்கும் இடம் நாளுக்கு நாள் சுருங்கும். முதலில் மூக்கு முழுவதும், பிறகு மூக்கும் மேலுதடும் சேர்ந்த முக்கோணம், கடைசியில் நாசித் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே, மீசை முளைக்கிற அந்தச் சின்ன இடம் மட்டும். வெளியே வரும் மூச்சின் இளஞ்சூடு அந்த இடத்தில் படுகிறதா? ஒரு குறுகுறுப்பு, ஒரு துடிப்பு, லேசான ஈரம்? இரண்டாம் நாள் வெறும் தோலாக இருந்த இடத்தில் மூன்றாம் நாள் இவ்வளவும் தெரிய ஆரம்பிக்கும். இடம் சிறியதாக இருந்தால்தான் மனம் கூர்மையாகும் என்பதுதான் இந்தச் சுருக்கத்தின் நோக்கம்.

இந்த நாட்களில் மனம் ஓடத்தான் செய்யும். பத்து விநாடி மூச்சு, பிறகு கேன்டீன், பழைய சண்டை, ஒரு சினிமாப் பாட்டு. ஓடியது தெரிந்ததும் கோபப்படாமல் மூச்சுக்குத் திரும்பி வர வேண்டும். திரும்பி வருவதுதான் பயிற்சியே. ரொம்பவும் அலைந்தால் ஒரு நிமிடம் மூச்சைக் கொஞ்சம் வேகமாக விட்டு, மறுபடி இயல்புக்கு வரலாம். மந்திரத்தையோ சாமி உருவத்தையோ சேர்த்துக்கொண்டால் மனம் சீக்கிரம் அடங்கும்தான். ஆனால் அப்போது மனம் மந்திரத்தில்தான் அடங்குகிறது, உடம்பில் நடப்பது தெரியாமல் போகும். அதனால்தான் கலக்க வேண்டாம் என்கிறார்கள்.

உட்காரும் விதத்தைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். கொடுக்கும் மெத்தை ஒன்று போதாது என்றால் இன்னொரு சின்ன மெத்தையைக் கேட்டு வாங்கி இடுப்புக்கடியில் வையுங்கள். இடுப்பு முழங்காலை விட நாலு விரல் உயர்ந்தால் முழங்கால் இரண்டும் தாழ்ந்து தரையைத் தொடும், முதுகு தானாக நிமிரும். இடுப்பு தாழ்ந்திருந்தால் முழங்கால் அந்தரத்தில் தொங்கும், முதுகு கூன்போடும், தோள்பட்டை எரியும். கால்மேல் கால் போட வேண்டாம். ஒன்றன் முன் ஒன்றாகத் தரையில் வைத்தால் நரம்பு அழுந்துவது குறையும், மரத்துப்போவதும் குறையும். பத்மாசனத்துக்கு இங்கே தனி மதிப்பெண் இல்லை. முழங்காலில் பழைய அடி இருந்தால் நாற்காலி கேளுங்கள். வலி என்பது வேறு, காயம் என்பது வேறு: எழுந்து நடந்த சில நிமிடத்தில் போய்விட்டால் அது உட்கார்ந்த வலி. நடந்த பிறகும் குத்தினால், வீங்கினால், உடனே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

நாலாம் நாள் பிற்பகல் விபஸ்ஸனா தொடங்கும். இரண்டு மணி நேரம் எழாமல் இருக்க வேண்டும் என்பதால் அதற்கு முன் தண்ணீரை அளவாகக் குடியுங்கள். உச்சந்தலையில் ஆரம்பித்து உள்ளங்கால் வரை, உடம்பின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தை நகர்த்தி, அங்கே என்ன உணர்வு இருக்கிறதோ அதைப் பார்ப்பது. சூடு, குளிர், அரிப்பு, கனம், வேர்வை, துணி உரசுவது, எல்லாமே உணர்வுதான். ஓரிடத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் ஒரு நிமிடம் வரை அங்கே காத்திருந்து, அடுத்த இடத்துக்குப் போக வேண்டியதுதான். இதன்பிறகு மூன்று கூட்டுத் தியானங்களிலும் கண்ணைத் திறக்காமல், கை கால்களை மாற்றாமல் ஒரு மணி நேரம் இருக்கும் உறுதி. இதற்குப் பாலியில் அதிட்டானம் என்று பெயர்.

கன்னத்தில் ஈ உட்காருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கை எழப் பார்க்கும். விரட்டாமல் பார்த்தால், அரிப்பு ஒரு புள்ளியில் தொடங்கி, பரவி, இனி தாங்காது என்கிற இடம்வரை போய், பிறகு தானாகவே தணியும். ஈ பறந்துவிட்ட பிறகும் அரிப்பு கொஞ்ச நேரம் இருக்கும்! அப்போதுதான் ஒன்று பிடிபடும்: ஈ வேறு, உணர்வு வேறு, 'இதை ஒழிக்கணும்' என்ற உந்துதல் வேறு. பௌத்தக் காப்பியமான மணிமேகலை, துன்பம் ஒன்றிலிருந்து ஒன்றாக எழுவதைக் காட்டும் பன்னிரு சார்புகளை அடுக்கும்போது ஊறு (தொடுகை), நுகர்வு, வேட்கை, பற்று என்று வரிசையாகச் சொல்கிறது. உணர்வுக்கு நுகர்வு என்றும், அதன்மேல் எழும் தாகத்துக்கு வேட்கை என்றும் தமிழில் அன்றே பெயர் வைத்துவிட்டார்கள். நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில்தான் இந்தப் பத்து நாள் வேலை முழுவதும் நடக்கிறது. இலக்கியம் படிக்கும் மாணவர்கள் இந்த வரிசையை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு போனால் மாலை உரைகள் சட்டென்று புரியும்.

நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ உடம்பு முழுக்க மெல்லிய அதிர்வு ஓடும், மிக இதமாக இருக்கும். அடுத்த உட்காரலில் அதைத் தேட ஆரம்பிப்பார்கள். வராது. முழங்கால் வலிதான் வரும். 'காலையில் முதல் ரேங்க், மத்தியானம் ஃபெயில்' என்று மனம் உடைந்துபோகும். இதம் வந்தபோது ஒட்டாமலும், வலி வந்தபோது விரட்டாமலும் இருந்தோமா என்பதுதான் இங்கே அளவுகோல். அதிர்வு வந்ததா என்பது அல்ல. இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் கிளம்பிவிடலாமா என்ற எண்ணம் பலருக்கும் பலமாக வரும். இரண்டாம் நாளில் தூக்கக் கடனும் உடல்வலியும் சேர்ந்துகொள்ளும். ஆறாம் நாளில் இந்த ஏமாற்றம். அந்த எண்ணம் வந்தால் இரவில் முடிவெடுக்காதீர்கள். தூங்கி எழுந்து, மதியம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை துணை ஆசிரியரைப் பார்க்கும் நேரத்தில் போய்ச் சொல்லுங்கள். முன்கூட்டியே பெயர் கொடுத்தால் சில நிமிடம் தனியாகப் பேசலாம். தத்துவக் கேள்வி வேண்டாம். 'இப்படி உட்காருகிறேன், இப்படி ஆகிறது, என்ன செய்வது' என்று கேளுங்கள். ஆனால் தூக்கமே வராமல் இரண்டு இரவு போனாலோ, பயம் அடங்காமல் ஏறிக்கொண்டே போனாலோ, இல்லாத குரல் கேட்டாலோ பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள். அந்த நேரமே சேவகரை எழுப்பிச் சொல்லுங்கள். அப்போது முகாமை விட்டுப் போவது தோல்வி ஆகாது.

பத்தாம் நாள் காலை மெத்தா, அன்பைப் பரப்பும் தியானம், சொல்லித் தருவார்கள். அதன்பின் மௌனம் கலையும். ஒன்பது நாள் அடைபட்ட பேச்சு அணை உடைந்த மாதிரி வரும். சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிடும், தலை பாரமாகும். பக்கத்தில் இருந்தவருக்கு என்ன 'வந்தது' என்று கேட்டு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள், ஒன்பது நாள் உழைப்பு அரை மணியில் கலங்கிவிடும். அன்றும் கூட்டுத் தியானங்கள் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள்.

பதினோராம் நாள் காலை உரை முடிந்து, சாப்பிட்டு, அறையையும் கழிவறையையும் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனை வாங்குவீர்கள். வாங்கியவுடன் வீட்டுக்கு ஒரு அழைப்பு. வாட்ஸாப் குழுக்களை ரயிலில் திறக்க வேண்டாம், ஊர் போய்த் தூங்கி எழுந்த பிறகு திறக்கலாம். காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காரச் சொல்லி அனுப்புவார்கள். ஹாஸ்டலில் நாலு பேர் இருக்கும் அறையில் அது சுலபமில்லை. மெஸ் திறப்பதற்கு முன்னால், மொட்டை மாடியிலோ காலியாகக் கிடக்கும் ஸ்டடி ஹாலிலோ ஒரு தலையணையை மடித்துப் போட்டு உட்காருங்கள். முதல் வாரமே இரண்டு வேளையும் முடியாவிட்டால், காலை வேளையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, தேர்வு இல்லாத மாதத்தில் மாலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அறையிலேயே உட்கார நேர்ந்தால், அறைத் தோழரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் ஃபேனை நிறுத்தவோ லைட்டைப் போடவோ வேண்டாம் என்று.